கை போகிற இடம்

வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் ஞானம்மாள் அதைத் திட்டிவிடுவாள். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல் சற்று நின்று, பிறகு ஆரம்பிப்பாள். "இன்னாடி கெய்வி, இன்னிக்கு ஒயுங்கா வருவியா, இல்ல நடு ரோட்ல குந்திக்கினு என் மானத்த வாங்குவியா? தண்ணி குடிச்சுட்டே, எண்ணெ குடிச்சுட்டே, இன்னும் இன்னா வோணும் உனுக்கு?" திட்டி முடித்த பிறகுதான் சாவி. இரும்புலியூரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் கண் விழிப்பது இந்தச் சத்தத்தில்தான்.

கிழவி என்று அவள் சொல்வது ஒரு பழைய அம்பாசிடரை. உடம்பு பச்சை, இடதுபக்கப் பின்கதவு மட்டும் கறுப்பு. பின் இருக்கைக்கும் முன் இருக்கைக்கும் நடுவே ஒரு பலகை போட்டிருப்பாள். காலையில் கிழக்குத் தாம்பரத்தில் பாங்க் காலனியிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் விடுவாள். மாலையில் திரும்பக் கூட்டி வருவாள். பிள்ளைகள் அவளை 'டிரைவர் அக்கா' என்பார்கள். பெற்றவர்கள் நேரில் 'ஞானம்மா' என்பார்கள். அவள் நகர்ந்த பிறகு என்ன சொல்வார்கள் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்தக் காலனியில் இரண்டு வீடுகளில் நான் டியூஷன் எடுக்கிறேன்.

நாற்பதைத் தாண்டியவள். ஒல்லி. புடவைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பாள். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை. ரயில்வே கேட்டில் வண்டி நிற்கும்போது தோலை ஊதிவிட்டு ஒவ்வொன்றாக வாயில் போடுவாள். பிள்ளைகள் கை நீட்டினால் கொடுப்பாள். பக்கத்து லாரிக்காரன் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, பொம்பள வண்டி ஓட்றே?" என்றால், "ஏன், நீ பொம்பள வயித்துலேர்ந்து லாரியிலயா வந்தே?" என்று கேட்டுவிட்டு அவனுக்கும் ரெண்டு கடலை நீட்டுவாள்.

ஹாரன் அடிக்கமாட்டாள். ஹாரன் நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னல் வழியே கையை வெளியே விட்டுக் கதவைப் பட்பட்டென்று அறைவாள். "ஹாரன் அட்ச்சா காது கேக்காதவன் மாதிரி போய்க்கினே இருப்பான். கதவ தட்டினா, யாரோ கூப்புட்றாங்கன்னு திரும்புவான்" என்பது அவள் கண்டுபிடிப்பு.

கார் அவளுக்கு வந்த கதை சிறியது. பல்லாவரத்தில் ஓர் ஆங்கிலோ இந்திய நர்ஸ் அம்மாள் வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். அந்த அம்மாளுக்குக் கண் மங்கிய பிறகு, மார்க்கெட்டுக்கும் மாதா கோயிலுக்கும் போக ஆள் வேண்டும் என்று இவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். மகன் கூப்பிட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது வண்டியை இவள் பேரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஞானம்மாளின் கணவர் சின்னப்பன் தையற்காரர். காரைக் கண்டால் அவருக்குப் பயம். திருமணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி ஓட்டும் வண்டியில் அவர் ஏறியது இரண்டொரு தடவைதான். அப்போதும் பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்டினாராம்.

யார் என்ன குறை சொன்னாலும் அவளிடம் ஒரே பதில். "அதுக்கு இன்னா இப்போ?" கதவு வேறு கலராக இருக்கிறதே? அதுக்கு இன்னா இப்போ. சட்டையில் கிரீஸ் இருக்கிறதே? அதுக்கு இன்னா இப்போ. மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் எழுதுகிறேனா என்று எனக்கே சந்தேகம். போன வருஷம் அவள் செய்த ஒரு காரியத்துக்கு மன்னிப்பு இல்லாவிட்டாலும், 'தப்பாப் போச்சு' என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

போன வருஷம் மழை பொய்த்தது. லாரித் தண்ணீருக்குத் தெருவே குடத்தோடு நின்றது. பொதுவாக டிரைவர்கள் ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்றுவார்கள். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது, பித்தளைச் சொம்பில் வைத்தால் வெள்ளையாகப் பூக்கும். ஞானம்மாள் அதைத்தான் வருஷம் முழுக்க ரேடியேட்டரில் ஊற்றினாள். மெக்கானிக் பொன்னுசாமி, "யக்கா, உப்புத் தண்ணி இரும்ப தின்னுடும்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். இவள் கேட்கவில்லை. "மனுசன் வாயில ஊத்தவே தண்ணி இல்ல. குடத்த தூக்கினு போயி காருக்கு ஊத்தினா இந்தத் தெருவு பொம்பளைங்க மூஞ்சில நான் எப்டி முயிப்பேன்?" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். பொன்னுசாமி சொன்னது உண்மை. இரும்பு தின்னப்பட்டது.

எஞ்சினுக்குள் தண்ணீர் ஓட அறைகள் இருக்கின்றன. அந்த இரும்பு வார்ப்பின் பக்கத்தில் சில வட்ட ஓட்டைகள் உண்டு. சோடா மூடியைவிடக் கொஞ்சம் பெரிய, கிண்ணம்போல் குழிந்த தகடுகளை அந்த ஓட்டைகளில் அடித்து மூடியிருப்பார்கள். கோர் பிளக் என்று கடைகளில் பெயர். கிழவியின் பிளக்குகள் உள்ளிருந்தே அரித்து, ஊசித் துளை விழுந்து, கசிய ஆரம்பித்தன. தினமும் காலையில் தண்ணீர் குறைந்திருந்தது. யாரோ ஒரு டாக்சிக்காரர் யோசனை சொன்னார்: ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடு, சூட்டில் வெந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். போட்டாள். சில வாரம் அடைத்தும் கொண்டது. எஞ்சினின் பக்கவாட்டில் மஞ்சள் கோடுகள் வழிந்து காய்ந்தன. வண்டி சூடானால் உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பசி எடுத்தது. காலனிக்கு எதிர்ச்சாரியில் புதிதாக வெள்ளை மாருதி வேன் வாங்கி விட்டிருந்த வேதாசலம் தினமும் கேட்பான்: "இன்னாக்கா, இன்னிக்கு சாம்பாரா, ரசமா?"

மார்ச் மாதம், பரீட்சை நாளில், ஜி.எஸ்.டி. ரோட்டில் சானடோரியம் தாண்டியதும் வண்டி கொதித்து நின்றது. மஞ்சள் ஆவி. பிள்ளைகள் புளியமரத்தடியில் பையோடு நின்றார்கள். ஞானம்மாள் நடு ரோட்டில் நின்று ஒரு பஸ்ஸை மறித்து அத்தனை பேரையும் ஏற்றிவிட்டாள். பரீட்சைக்கு மணி அடித்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள். கடைசியில் எழுத விட்டார்கள். ஆனால் ஸ்ரீரங்கன் சாரின் மகள் வேதா அன்று அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள்.

ஸ்ரீரங்கன் பாங்கில் அதிகாரி. காலனிச் சங்கத்தின் செயலாளரும் அவர்தான். கெட்ட மனிதர் இல்லை. மே மாதக் கடைசியில் எங்கள் தெருவுக்கே நடந்து வந்து, ஞானம்மாள் வீட்டு வாசலில் நின்று சொன்னார்.

"ஞானம்மா, தப்பா எடுத்துக்காதீங்கோ. வர்ற திங்கக்கிழமை ஸ்கூல் திறக்கிறது. எல்லா பேரன்ட்ஸும் வேதாசலம் வேன்ல சேர்த்துடலாம்னு சொல்றா. உங்களை ஒண்ணும் சொல்லலை. வண்டிதான்..."

"வண்டிக்கு இன்னா சார்?"

"நடு ரோட்ல நின்னுதே."

"நின்னுச்சு. புள்ளைங்கள நடு ரோட்ல வுட்டுட்டு நான் வூட்டுக்கு வந்துட்டேனா?"

"அதைச் சொல்லலை. திரும்ப நிக்காதுன்னு யார் சொல்வா?"

"நான் சொல்றேன்."

'சார்' என்று ஆரம்பித்துவிட்டு ஒருமையில் இறங்குவது அவள் வழக்கம். அன்றும் இறங்கினாள். "திங்கக்கெயம வரைக்கும் டைம் குடு சார். அதுக்குள்ள நீ வேதாசலத்துக்கு வாக்கு குடுத்துட்டேன்னா, அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்."

அவர் போன பிறகு நான் அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். என் குழந்தையாக இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். வேதாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அவள் அழுது வீங்கிய முகத்தோடு வந்த சாயங்காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் இந்தப் பள்ளிக்கூடச் சவாரி போனால் ஞானம்மாளுக்கு வேறு பிழைப்பு இல்லை. ஒரு காலனி விட்ட வண்டியை இன்னொரு காலனி கூப்பிடாது. பலகை போட்ட அந்த வண்டியில் கல்யாணத்துக்கா போவார்கள்? திரும்பவும் யார் வீட்டுச் சமையலறைக்காவது போக வேண்டும். "அது மட்டும் ஆவாது" என்றாள் என்னிடம். "ஸ்டேரிங் புடிச்ச கை. இன்னொருத்தி வூட்டு கரண்டி புடிக்காது."

பொன்னுசாமி வந்து வண்டியின் கீழே படுத்துப் பார்த்தார். முன்னால் இருக்கிற பிளக்குகளை மாற்றிவிடலாம் என்றார். கடைசி ஒன்றுதான் வம்பு. எஞ்சினின் பின்கோடியில், புகைக்குழாய்க்குப் பின்னால், டிரைவர் காலுக்கு முன்னிருக்கும் தகரச் சுவரை ஒட்டி இருக்கிறது. அதற்கு எஞ்சினை இறக்க வேண்டும். "எறக்கினா சும்மா வுட முடியாது யக்கா. அதைத் தொட்டா இது வரும், இதைத் தொட்டா அது வரும். பேசாம காயலான் கடைக்கு போட்டுடு. நானே ஆள் சொல்றேன்."

"ஏன் எறக்கணும்?"

"கை போவாது யக்கா."

"யார் கை?"

பொன்னுசாமி தன் கையைத் தூக்கிக் காட்டினார். முறம் மாதிரி கை. ஞானம்மாள் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தாள். பக்கவாட்டில் சாய்ந்து, கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கி, வளையலை நுழைக்கும்போது செய்வதுபோல் கையைக் குவித்து அந்தச் சந்துக்குள் விட்டாள். மணிக்கட்டு மறைந்தது. முழங்கை மறைந்தது. எங்கோ உள்ளே டொக் டொக்கென்று நகத்தால் தட்டும் சத்தம் கேட்டது.

"என் கை போவுது. உன் கை போவலன்னா எஞ்சின் இன்னாய்யா பாவம் பண்ணுச்சு?"

"கை போனா போதுமா? சுத்தி போவணும். கண்ணு போவணும்."

"அதுக்கு இன்னா இப்போ?"

என்னிடம் யாராவது 'உன்னால் முடியாது' என்றால், அது உண்மைதானோ என்று நான் ஒரு நாள் முழுக்க யோசிப்பேன். பெரும்பாலும் உண்மை என்று முடிவு செய்வேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். தண்டவாளத்தில் வேலை பார்க்கிற அப்பாவுக்கு நான் வேலைக்காக என்ன பரீட்சை எழுதுகிறேன் என்று தெரியாது. எழுதுகிறேன் என்பது தெரியும். ஞானம்மாள் என்னை 'பீயே' என்றுதான் கூப்பிடுவாள். "இன்னா பீயே, புஸ்தகத்துல இதுக்கு வழி போட்டிருக்கா?" என்றாள். நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் தேடினேன். குளிர் நாடுகளில் தண்ணீர் உறைந்து வீங்கினால் எஞ்சின் வெடிக்காமல் இருக்கத்தான் இந்த மூடிகள் என்று அதில் போட்டிருந்தது. அதை வந்து சொன்னேன். கையிலிருந்த கடலையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "ஐஸா? தாம்பரத்துல நன்னாரிக்கு போடவே ஐஸ் கெடைக்கல!" பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்த ஊர்ல குளுருக்கு போவுது, இந்த ஊர்ல உப்புக்கு போவுது" என்றாள். உப்பைப் பற்றி அவள் வாய் திறந்தது அந்த ஒரு முறைதான்.

எலெக்ட்ரிக் ட்ரெயினில் எழும்பூர் போய், புதுப்பேட்டையில் அலைந்து, பித்தளையில் செய்த பிளக்குகளாகப் பார்த்து வாங்கி வந்தாள். இரும்பைப் போலப் பித்தளையைத் துரு தின்னாது. கடைசி ஓட்டைக்கு மட்டும் இரண்டு. "ஏன் ரெண்டு?" என்றேன். "ஒண்ணு பாயாப் போவும்" என்றாள். நடக்கப்போவதை வெளியே ஒப்புக்கொள்ளாமல், கையோடு வாங்கி வைத்துக்கொள்கிற ஜாதி அவள்.

பழையதைக் கழற்றுவது கொஞ்சம் கொடூரமான வேலை. தகட்டின் ஒரு ஓரத்தில் உளியை வைத்து அடிக்க வேண்டும். ஒரு பக்கம் உள்ளே போக, மறுபக்கம் எழும்பித் தகடு குறுக்கே திரும்பும். அதைக் குறட்டால் பிடித்து இழுக்க வேண்டும். முதல் தகடு வந்ததும் ஓட்டையிலிருந்து மஞ்சளும் துருவும் கலந்த சேறு கொழகொழவென்று வழிந்தது. தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் போன வேதாசலம் வேனை நிறுத்தி, "யக்கா, மீதி இருந்தா ஒரு கிண்ணம் குடு, வூட்ல இட்லி கீது" என்றான். ஞானம்மாள் அந்தச் சேற்றை ஒரு விரலால் எடுத்து அவன் வெள்ளை வேனின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். "புது வண்டி. திஷ்டி படக்கூடாது. போ."

ஓட்டையின் ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தாள். விரல் நுனியால் தடவித் தடவிப் பார்ப்பாள். திருப்தி இல்லையென்றால் திரும்பவும் தேய்ப்பாள். அரக்குக் கரைசலைப் பூசி, புதிய பிளக்கை வைத்து, அதன் குழிக்குள் பொருந்துகிற, போல்ட் திருகும் சாக்கெட்டை வைத்துச் சுற்றிச் சுற்றி அடித்தாள். முன்னால் இருந்தவை நல்லபடியாக உட்கார்ந்தன.

கடைசி ஒன்றுக்குக் கைப்பிடி வெட்டிய சுத்தியல். பொன்னுசாமி ஷெட்டிலிருந்து கேட்டு வாங்கி, அவர் கண் முன்னாலேயே கைப்பிடியை அறுத்தாள். அவர் கத்தினார். "புதுசு வாங்கி தரேன்யா, கத்தாத." வலது கை முழுக்க உள்ளே. கண்ணை மூடிக்கொண்டாள். தெரியாத இடத்தைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தேடினால் கை குழம்பிவிடும் என்றாள். டிக், டிக்கென்று சின்னச் சின்ன அடி. மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. கையை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. சூடு ஏறியதும் பின்கோடியிலிருந்து சொட்டு சொட்டாக விழ ஆரம்பித்தது.

ஞானம்மாள் வண்டியை அணைத்துவிட்டு மண்ணில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு டீ வாங்கி வரச் சொல்லிக் குடித்தாள். பிறகு அந்தப் பிளக்கை, அதைச் செய்தவனை, விற்றவனை, எஞ்சினை அந்த மாதிரி வார்த்தவனை, அவன் வம்சத்தை, அதில் ஒரு பெண்ணையும் விடாமல், எழுத முடியாத தமிழில் பத்திரமாக வரிசைப்படுத்தினாள். டம்ளரைக் கீழே வைத்தபோது குரல் சாதாரணமாகிவிட்டது.

"கோணலா குந்திக்கிச்சு. கை ஒரு பக்கமா வருதுல்ல, அடியும் ஒரு பக்கமா வியுது. கீயேர்ந்து யாராச்சும் பாத்து சொல்லணும்." பொன்னுசாமி குனிந்தார். "நீ வாணாம். நீ எறக்கணும்னு ஆரம்பிப்பே." பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "யோவ்! சின்னப்பா!"

சின்னப்பன் கழுத்தில் அளவு டேப்போடு வாசலுக்கு வந்தார்.

"இன்னாமே?"

"வண்டிக்குக் கீய படு."

அவர் மாதாவைக் கூப்பிட்டார். "நானா? வண்டி உருண்டுச்சுன்னா?"

"செங்கல் வெச்சிருக்கேன். உருளாது. சட்டைக்கு கையி வெக்கும்போது ஒரு நூல் எறங்கினாலும் உனுக்குத் தெரியுதுல்ல? அதையே இங்க பாத்து சொல்லு."

அவருக்கு வியர்த்துவிட்டது. ஒரு கோணியை விரித்து, சிலுவைக்குறி போட்டு, மெதுவாக உள்ளே நகர்ந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. பாதம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் அவர் சவரம் செய்துகொள்ளும் கண்ணாடி. ஞானம்மாள் கோணலாய்ப் போன பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டாவதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"அடிக்கிறேன். சொல்லு."

"மேல ஏறினு கீது."

டிக்.

"இன்னும். கழுத்துப்பட்டி ஒரு பக்கம் தூக்கினு நிக்குமே, அது மாதிரி. அரை நூல்."

டிக். டிக்.

"போதும் போதும்! இப்ப இடது பக்கம். மெதுவாமே, உங்கப்பன் வூட்டு ஆணியா அடிக்கிறே?"

"வாயப் பாரு. கீய படுத்ததும் கொயுப்பு வந்துடுச்சு."

டிக். டிக். டிக்.

"நேரா கீது," என்றார் சின்னப்பன். கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாருடைய குரலோ போல், "இஸ்திரி போட்ட மாதிரி கீது" என்றார். பாதத்தின் நடுக்கம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

தண்ணீர் ஊற்றி, கிளப்பி, வண்டலூர் வரைக்கும் ஓட்டிவிட்டு வந்தாள். சொட்டவில்லை. ஆனால் அதோடு அவள் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, வண்டியை நேராக ஸ்ரீரங்கன் வீட்டுக்கு ஓட்டிப்போய் கேட்டுக்கு வெளியே நிறுத்திக் கதவை அறைந்தாள். நான் உள்ளே வேதாவோடு உட்கார்ந்திருந்தேன்.

"கேட்ட தொற சார். வண்டிய உன் போர்டிகோல வுடணும்."

"இங்கேயா? எதுக்கு?"

"என் தெருவு மண்ணு. எத்தினி ஒயுகினாலும் குடிச்சுக்கும், காட்டிக் குடுக்காது. உன் தரை சிமிட்டி. ஒரு சொட்டு வியுந்தாலும் தெரியும். சூடா நிறுத்தறேன். ஆறும்போதுதான் இரும்பு சுருங்கி, ஓட்டை இருந்தா கண்ண தொறக்கும். சாவி உன்கிட்ட. கேட்டுக்கு உன் பூட்டு. காலையில கீய தண்ணி இருந்துச்சுன்னா நானே போயி வேதாசலத்த இட்டாறேன்."

ஸ்ரீரங்கனின் மனைவி திரிபுரசுந்தரி அப்போதுதான் அந்தப் போர்டிகோவை அலம்பிவிட்டிருந்தார். கணவரைப் பார்த்தார். அவர் தன் ஸ்கூட்டரைத் தள்ளி ஓரமாக நிறுத்தினார். கிழவி உள்ளே ஏறி நின்றது. ஞானம்மாள் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, கடலையைக் கொறித்துக்கொண்டே நடந்து போனாள். அத்தனை நம்பிக்கை அவளுக்கு உண்மையாகவே இருந்ததா, அல்லது நம்பிக்கை இருப்பதுபோல் நடந்தால்தான் வீடு போய்ச் சேர முடியும் என்று நடந்தாளா? தெரு முனைவரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் நான் போனபோது காலனியே அந்தப் போர்டிகோவில் இருந்தது. புதுச் சீருடையில் பிள்ளைகள். லுங்கியிலும் வேட்டியிலும் அப்பாமார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று யாரோ வேதாசலத்துக்கும் சொல்லி வைத்திருப்பார்கள்போல. தெரு முனையில் அவன் வேன் நின்றது. அவன் இறங்கி வந்து கேட்டில் சாய்ந்திருந்தான்.

ஸ்ரீரங்கன் டார்ச்சோடு மண்டியிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். பிள்ளைகள் குப்புறப் படுத்தே விட்டார்கள். நானும் குனிந்தேன். ஞானம்மாள் மட்டும் குனியவில்லை. தூணருகே நின்று தலைமுடியை அவிழ்த்து உதறி, திரும்பக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஞானம்மா, இங்கே ஒண்ணு இருக்கே."

எஞ்சினுக்கு நேர் கீழே கறுப்பாக ஒரு பொட்டு.

"தொட்டுப் பாரு சார்."

தொட்டார். விரலால் தேய்த்துப் பார்த்தார். "எண்ணெய்."

"எண்ணெதான். கெய்வி ஆச்சே, அதெல்லாம் வுடத்தான் வுடுவா. நான் தண்ணிக்குத்தான் வாக்கு குடுத்தேன்."

"அப்போ இன்னிக்கு தாளிப்பு மட்டுந்தானாக்கா?" என்றான் வேதாசலம். அப்பாமார்கள் சிரித்தார்கள். ஞானம்மாள் கொண்டையை இறுக்கி முடிந்தாள். இந்த ஒரு தடவை அவளுக்கு வேதாசலம் அங்கே இல்லாதவன்.

ஸ்ரீரங்கன் எழுந்தார். தானே பானெட்டைத் தூக்கி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, உள்ளே விரலை விட்டார். விரல் முதல் கணுவிலேயே நனைந்துவிட்டது. அதை எல்லோருக்கும் தெரியும்படி காட்டினார். நேர்மையான மனிதர். மறைக்கவில்லை.

"குறையவே இல்லை" என்றார். பிறகு மற்ற அப்பாமார்களை ஒரு முறை பார்த்துக்கொண்டு, "சரி ஞானம்மா. ஒரு மாசம் ட்ரயல் மாதிரி பார்க்கலாம். அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றார்.

எனக்குப் பெரிய நிம்மதி. நானாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

"மாசம்லாம் வாணாம் சார்" என்றாள் ஞானம்மாள்.

"என்னம்மா?"

"தெனம் காலையில நீங்க எல்லாம் குனிஞ்சு பாக்க, நான் நின்னுனு இருக்க, அது என்னால ஆவாது. வருசம்னு சொல்லு. இல்லன்னா இப்பவே இல்லன்னு சொல்லு. வண்டிய எடுத்துனு நான் போய்க்கினே இருக்கேன்."

எங்கே போவாள்? போக இடமில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். 'ஒத்துக்கோ அக்கா' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கேட்டில் சாய்ந்திருந்த வேதாசலம் நிமிர்ந்து நின்றான்.

ஞானம்மாள் கையை நீட்டினாள். கேட்டு வாங்குகிறவர்கள் குழித்து நீட்டுவதுபோல் இல்லை. விரல்களை விரித்து, பலகைபோல் நேராக. ரேகைக்குள் கறுப்பு ஏறியிருந்தது. மணிக்கட்டில் உரிந்த தோல் இன்னும் காயவில்லை.

ஸ்ரீரங்கன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். சற்றுத் தயங்கி, அந்த உள்ளங்கையில் வைத்தார்.

அவள் கையை மூடவில்லை. இழுத்துக்கொள்ளவும் இல்லை. விரித்த உள்ளங்கையில் சாவி அப்படியே கிடந்தது, அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்பதுபோல. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றார் ஸ்ரீரங்கன். "வருஷம்."

விரல்கள் மூடின.